அடுத்த ஒரு டன் நீராவி

சர்க்கரை ஆலைக்கு எரிபொருள் கரும்போடு சேர்ந்தே வாசலுக்கு வந்துவிடுகிறது. சாறு பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை கன்வேயரில் ஏறி பாய்லருக்குப் போகிறது. அங்கே உண்டாகும் உயர் அழுத்த நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. அழுத்தம் தணிந்து டர்பைனை விட்டு வெளியேறும் அதே நீராவி, சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாகாக்குகிறது. ஒரே நெருப்பில் இரண்டு வேலை. நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் என்னைக் கட்டிப்போட்டது இந்தச் சுற்றுதான்.

விலை கொடுத்து வாங்காத எரிபொருளுக்கு மதிப்பில்லை என்றுதான் நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். சக்கை மலையாகக் குவிந்துவிடக் கூடாதே என்று, அதிகம் தின்னும் பாய்லர்களையே விரும்பி வைத்த ஆலைகளும் உண்டு. பிறகு நிலைமை மாறியது. 1979-இல் தொடங்கப்பட்டு, கரூருக்கு அருகே புகழூரில் ஆலை அமைத்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையைத் தாளுக்கு மூலப்பொருளாக்கியது. இன்னொரு பக்கம், உபரி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்க வழி திறந்தது. ஆக, பாய்லர் வாசலில் நிற்கும் ஒவ்வொரு டன் சக்கைக்கும் இப்போது இரண்டு வழிகள்: எரிந்து மின்சாரமாகலாம், அல்லது யார்டில் சேர்ந்து விலைக்குப் போகலாம். எது லாபம் என்பது மணிக்கு மணி மாறும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் ஆலையைக் கணக்கில் வடித்த ஒரு மாதிரி வேண்டியிருக்கிறது. அதைக் கட்டுவதும் ஓட்டுவதும் எப்படி என்று இங்கே சொல்கிறேன்.

மணிக்கு 100 டன் கரும்பு அரைக்கும் எங்கள் ஆலை போன்ற ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். புதியது ஒன்று, பழையது ஒன்று என இரண்டு பாய்லர்கள். 67 பார் அழுத்தத்தில் நீராவி. ஒரு டர்பைன். சாற்றைச் சுண்டவைக்க நான்கு கலன்கள் கொண்ட எவாப்பரேட்டர். பாகைப் படிகமாக்க மூன்று பான்கள். நான் தரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்த அளவுள்ள ஆலையில் பார்க்கக்கூடிய எண்களை ஒட்டியே இருக்கும்.

முதல் வேலை கம்ப்யூட்டரில் இல்லை. பைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பாய்லரின் மெயின் ஸ்டீம் வால்விலிருந்து தொடங்கி, நீராவி எங்கெங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது, கண்டன்சேட் எந்தத் தொட்டிக்குத் திரும்புகிறது என்று கையில் தாளோடு வரைந்துகொண்டே போக வேண்டும். அலுவலகத்தில் இருக்கும் வரைபடம் ஆலை கட்டிய நாளின் படம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் பராமரிப்பு வேலையில் யாரோ ஒரு லைனை வெட்டியிருப்பார்கள், ஒரு பைபாஸைச் சேர்த்திருப்பார்கள். இந்த நடைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதை மிச்சப்படுத்தியவர்கள் பின்னால் மாதக்கணக்கில் தேடியதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அளவு. இங்கேதான் நிறைய நேரம் நிற்க வேண்டும்.

சர்க்கரை ஆலையில் மிக முக்கியமான எரிபொருளான சக்கையைப் பொதுவாக யாரும் எடைபோடுவதில்லை. எடைமேடையில் கரும்பு எடை தெரியும். பிழியும்போது தெளிக்கும் நீருக்கு மீட்டர் உண்டு. வெளியேறும் சாற்றுக்கும் மீட்டர் உண்டு. கரும்பையும் நீரையும் கூட்டி, சாற்றைக் கழித்தால் மிஞ்சுவது சக்கை. 100 டன் கரும்பு, 30 டன் நீர், 100 டன் சாறு என்றால் சக்கை 30 டன். கணக்கு சரிதான். ஆனால் சாற்று மீட்டர் நூற்றுக்கு ஒன்று பிசகினால் போதும், பிசகிய அந்த 1 டன் முழுவதும் சக்கையின் தலையில் விழும். 30-இல் 1 என்பது மூன்று சதவீதத்துக்கு மேல். பாய்லரின் திறனை ஒரு சதவீதம் உயர்த்தினோமா இல்லையா என்று பார்க்க வந்தவர், மூன்று சதவீதம் ஆடும் தராசை நம்பி நிற்கிறார்.

ஈரமும் இதில் குழப்பம் செய்யும். சக்கையின் ஈரம் பெரும்பாலும் 50 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அந்த நிலையில் ஒரு கிலோ சக்கையில் அடங்கிய வெப்பம் ஏறத்தாழ 2,270 கிலோ கலோரி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சக்கையிலுள்ள ஈரத்தையும் எரியும்போது பிறக்கும் நீரையும் ஆவியாக்கிப் புகைபோக்கி வழியே அனுப்பவே செலவாகிவிடுகிறது. கடைசி மில்லில் நன்றாகப் பிழிந்து ஈரத்தை 48-க்குக் கொண்டுவந்தால் சக்கையின் எடை குறையும், நார் அப்படியே இருக்கும். எடையை மட்டும் பார்ப்பவருக்குச் சக்கை குறைந்துவிட்டதாகத் தோன்றும்; பாய்லருக்கோ அது நல்ல சாப்பாடு. அதனால் மாதிரிக்குள் உலர்ந்த நாரைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கீழே நான் சக்கையை டன்னில் சொல்லும் இடங்களிலெல்லாம், 50 சதவீத ஈரமுள்ள சக்கையாகத் திருப்பிக் கணக்கிட்ட டன் என்று கொள்ளுங்கள்.

இனி மீட்டர்களை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். பாய்லருக்குள் போகும் நீர், வெளியேறும் நீராவிக்கும் கசடு நீக்கத் திறந்துவிடும் புளோடவுனுக்கும் சமமாக இருந்தாக வேண்டும். டிரம்மில் நீர்மட்டம் மாறாதவரை இந்த விதிக்கு விலக்கே கிடையாது. எங்கள் ஆலையில் ஒரு நாள் பகலில் இரண்டு பாய்லர்களுக்கும் சேர்த்துக் கிடைத்த சராசரி இது: உள்ளே போன நீர் மணிக்கு 66 டன், வெளியே வந்த நீராவி 69 டன், புளோடவுன் 1 டன். இல்லாத 4 டன்னை பாய்லர் எங்கிருந்து கொண்டுவந்தது? மூன்றில் ஏதோ ஒன்றாவது பொய் சொல்கிறது.

இந்த இடத்தில் பலர் செய்வது, பிடித்த மீட்டரை வைத்துக்கொண்டு பிடிக்காததை ஒதுக்குவது. அதைவிட நேர்மையான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு மீட்டரும் எவ்வளவு தடுமாறக்கூடியது என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். நீர் மீட்டர் 1 டன், நீராவி மீட்டர் 2 டன், புளோடவுன் 0.2 டன் என்று வைத்துக்கொள்வோம். பிறகு, சமன்பாடு சரியாகும்வரை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். நம்பகம் குறைந்தது அதிகம் நகரும், கூடியது கொஞ்சமே நகரும். 1801-இல் கண்டுபிடிக்கப்பட்டு வானில் தொலைந்துபோன சீரிஸ் என்ற சிறுகோளை மீண்டும் எங்கே தேடலாம் என்று காஸ் கணித்துச் சொன்னார் அல்லவா, அவர் பெயரோடு சேர்ந்து வளர்ந்த குறைந்த வர்க்க முறைதான் இது. வேதித் தொழிற்சாலைகளின் அளவுகளுக்கு இதைப் பொருத்திய கட்டுரை 1961-இல் வெளிவந்தது. நம் எண்களைப் போட்டால் நீராவி 65.8, நீர் 66.8, புளோடவுன் 1 என்று வருகிறது. மூன்று டன்னுக்கு மேல் நகர்ந்தது நீராவி மீட்டர்.

அதிகம் நகர்ந்ததைத் துருவிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் பயன். துருவினோம். நீராவி மீட்டருக்காக பைப்புக்குள் நடுத்துளையோடு நிற்கும் ஆரிஃபிஸ் தகடு 67 பாருக்காகக் கணக்கிட்டுச் செய்தது. ஆனால் அந்தப் பருவம் முழுக்க பாய்லர் 62 பாரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் குறைந்தால் நீராவியின் அடர்த்தி குறையும். தகடு அளப்பதோ அழுத்த வேறுபாட்டை. அடர்த்தியின் வர்க்கமூலத்தைச் சரிசெய்யாவிட்டால் மீட்டர் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு கூட்டிச் சொல்லும். 69 என்று அது சொன்னது உண்மையில் 66-ஐ ஒட்டியதே. மேசையில் போட்ட கணக்கு, பைப்பில் இருந்த தகட்டை விரல் நீட்டிக் காட்டியது. அந்த நாளின் மகிழ்ச்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அளவுகள் ஒத்துப்போன பிறகு, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அதன் குணத்தை எழுத வேண்டும். இவ்வளவு நீராவி வேண்டுமென்றால் இவ்வளவு சக்கை வேண்டும் என்று சொல்லும் ஒரு சமன்பாடு. பழைய லாக் புக்கிலிருந்து எண்களை எடுத்துக் கோடு போட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. மூன்று மாத லாக்கை எடுத்து, சக்கை ஃபீடரின் வேகத்தையும் நீராவி அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஃபீடர் வேகம் கூடிய நேரங்களில் அழுத்தம் குறைவு. வேகம் குறைந்த நேரங்களில் அழுத்தம் கூடுதல். அதை அப்படியே நம்பினால், அழுத்தத்தை ஏற்றச் சக்கையைக் குறைக்க வேண்டும்!

நடந்தது வேறு. அழுத்தம் இறங்குவதைப் பார்த்து ஃபயர்மேன் ஃபீடரைக் கூட்டுகிறார். ஏறிவிட்டால் குறைக்கிறார். லாக்கில் பதிந்திருப்பது பாய்லரின் குணம் இல்லை, ஃபயர்மேனின் குணம். காரணமும் விளைவும் தலைகீழாகக் கிடக்கின்றன. எவ்வளவு தரவு சேர்த்தாலும், எவ்வளவு புதிய மென்பொருளை வாங்கினாலும் இந்தக் குறை தீராது. ஏனென்றால் தரவுக்குள் அந்தச் செய்தியே இல்லை. தானியங்கிக் கட்டுப்பாடு உள்ள எந்தத் தொழிற்சாலைக்கும் இது பொருந்தும்.

ஆகவே ஆலையிடம் நேரில் கேட்க வேண்டும். ஷிப்டு இன்சார்ஜிடம் அனுமதி வாங்கி, மற்றவற்றை நிலையாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி, அரை மணியோ ஒரு மணியோ அசையாமல் காத்திருந்து பார்க்க வேண்டும். புதிய பாய்லர் 25 டன், 30 டன், 35 டன், 40 டன் நீராவி தரும்போது தனித்தனியே புகையின் வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு, சாம்பலில் எரியாமல் போன கரி, சக்கையின் ஈரம் எல்லாம் எடுத்து, இழப்புகளைக் கூட்டித் திறனைக் கண்டால், எவ்வளவு நீராவிக்கு எவ்வளவு சக்கை என்று காட்டும் ஒரு வளைகோடு கிடைக்கும். சக்கையை எடைபோட முடியாத இடத்தில் இழப்புகளை அளக்கும் இந்த வழிதான் நம்பத்தக்கது. முழுச்சுமைக்கு அருகே வளைவு மேல்நோக்கித் திரும்பும். காற்று அதிகம் தள்ள வேண்டியிருக்கும், புகை சூடாக வெளியேறும், எரிந்து முடியாத நார் புகையோடு பறந்துபோகும்.

டர்பைன் இவ்வளவு பாடு படுத்தாது. பீட்டர் வில்லன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி இயந்திரங்களைச் சோதித்து, சுமைக்கும் நீராவிச் செலவுக்கும் உள்ள உறவு ஏறத்தாழ ஒரு நேர்கோடு என்று காட்டினார். இன்றும் அது வில்லன்ஸ் கோடு என்றே வழங்குகிறது. நம் டர்பைனில், பாதியில் வெளியேறிச் சாறு காய்ச்சப் போகும் நீராவி ஒரு டன்னுக்கு 160 யூனிட் தருகிறது. கடைசிவரை போய்க் கண்டன்சரில் குளிரும் நீராவி டன்னுக்கு 255 யூனிட் தருகிறது. முதலாவது தன் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சாற்றுக்குக் கொடுக்கிறது. இரண்டாவது அதைக் குளிர்விப்புக் கோபுரத்தில் விட்டுவிடுகிறது. இந்த இரண்டு எண்களும் பின்னால் வேண்டும்.

எவாப்பரேட்டரின் கதை பெரியது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த நோர்பெர்ட் ரிலியூ, ஒரு கலனில் சாறு கொதித்து எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கலனைக் கொதிக்கவைக்கும் அமைப்புக்கு 1843-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை அங்கே கரும்புச்சாறு திறந்த கொப்பரைகளில் காய்ச்சப்பட்டது. ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்குக் கொதிக்கும் சாற்றை அகப்பையால் மொண்டு ஊற்றியவர்கள் அடிமைகளாக்கப்பட்ட மக்கள். ரிலியூவின் தாய் அடிமைத்தளையில் இல்லாத, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண். நான்கு கலன் அமைப்பில் ஒரு கிலோ நீராவி ஏறத்தாழ நான்கு கிலோ நீரை ஆவியாக்கும். அவர் பெயரால் வழங்கும் இன்னொரு விதியும் உண்டு: சாற்றைச் சூடாக்கும் ஹீட்டர்களுக்குப் புதிய நீராவியைத் தராமல், இரண்டாம் கலனின் ஆவியை எடுத்துக் கொடுத்தால், எடுத்த அளவில் நான்கில் இரண்டு பங்கு நீராவி மிச்சம். மணிக்கு 8 டன் எடுத்தால் 4 டன் மிச்சம். பள்ளிக்கூடப் பின்னக் கணக்குதான், அதில் ஒரு தொழிலே மாறிப்போனது.

இப்போது மையமான இடத்துக்கு வந்துவிட்டோம். மணிக்கு 60 டன் நீராவி வேண்டும், இரண்டு பாய்லர்களுக்கும் எப்படிப் பங்கிடுவது? எங்கள் ஆலையில் வழக்கம், புதிய பாய்லரை முழுச்சுமையான 40 டன்னில் ஓட்டிவிட்டு, மீதி 20 டன்னைப் பழையதிடம் வாங்குவது. நல்ல மாட்டுக்கு அதிகச் சுமை என்பது போல, கேட்கும்போது நியாயமாகத்தான் படும். சோதனையில் கிடைத்த வளைகோடுகள், புதியது 40 டன்னுக்கு 18.6 டன் சக்கையும், பழையது 20 டன்னுக்கு 9.5 டன்னும் கேட்கும் என்றன. மொத்தம் 28.1 டன்.

இரண்டையும் 30-க்கு 30 என்று வைத்தால்? புதியதற்கு 13.45, பழையதற்கு 14.3; மொத்தம் 27.75 டன். மணிக்கு 0.35 டன் மிச்சம். நாளுக்கு 8.4 டன். 150 நாள் அரவைப் பருவத்துக்கு 1,260 டன். ஒரு ரூபாய் முதலீடு இல்லை, ஒரு புது இயந்திரம் இல்லை.

புதிய பாய்லர் சராசரியில் நல்ல பாய்லர்தான். ஆனால் 40 டன்னில் ஓடும்போது அதனிடம் கேட்கும் கடைசி டன் நீராவிக்கு அது 0.54 டன் சக்கை கேட்கிறது. 20 டன்னில் ஓடும் பழையதோ அடுத்த ஒரு டன்னை 0.47 டன்னுக்கே தரும். அப்படியானால் சுமையை இங்கிருந்து அங்கே மாற்ற மாற்ற லாபம். இரண்டும் 30-ஐ எட்டும்போது இரண்டிலும் அடுத்த டன்னின் விலை 0.49 ஆகச் சமமாகிறது, அதற்கு மேல் மாற்றினால் நட்டம். மின் கட்டமைப்பில் எந்த நிலையத்தை எவ்வளவு ஓட்டுவது என்று முடிவு செய்யும் பழைய முறையும் இதுதான். இயந்திரம் நல்லதா கெட்டதா என்பது ஓட்டுபவரின் கேள்வி ஆகாது. அடுத்த ஒரு டன்னை எது மலிவாகத் தரும் என்பதே கேள்வி.

இதே கேள்வியைச் சக்கையிடமும் கேட்போம். ரிலியூ விதியால் 4 டன் நீராவி மிச்சமானது. அதை என்ன செய்யலாம்? பாய்லர்களைக் குறைக்காமல், அந்த 4 டன்னைக் கண்டன்சர் வரை ஓடவிட்டால், டன்னுக்கு 160 தந்தது இனி 255 தரும். மணிக்கு 380 யூனிட் கூடுதல். அல்லது பாய்லரில் 4 டன் குறைத்தால் 1.96 டன் சக்கை மிஞ்சும், ஆனால் ஏற்கனவே வந்துகொண்டிருந்த 640 யூனிட் போய்விடும். இரண்டு வழிகளுக்கும் இடையே 1,020 யூனிட்டும் 1.96 டன் சக்கையும் தராசின் இரு தட்டுகளில் நிற்கின்றன. வகுத்தால், ஒரு டன் சக்கை 520 யூனிட்டுக்குச் சமம். யூனிட் 4 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், சக்கையின் எல்லை விலை 2,080 ரூபாய்.

சராசரியை வைத்துக் கணக்கிட்டவருக்கு வேறு விடை கிடைக்கும். 27.75 டன் சக்கைக்கு 60 டன் நீராவி, ஆக டன்னுக்கு 2.16, அதை 255-ஆல் பெருக்கினால் 550 யூனிட், 2,200 ரூபாய். சந்தையில் சக்கை 2,150 ரூபாய்க்குப் போகும் நாளில் இவர் எரிக்கச் சொல்வார், அடுத்த டன்னைப் பார்த்தவர் விற்கச் சொல்வார். இரண்டு பேரும் ஒரே ஆலையைத்தான் பார்த்தார்கள்.

தாளில் இப்படி இரண்டு மூன்று முடிவுகளைப் போட்டுப் பார்க்கலாம். ஆலையில் ஒரே நேரத்தில் ஐம்பது அறுபது முடிவுகள் பின்னிக் கிடக்கும், எல்லைகளும் அதேபோல. கண்டன்சர் வழியே குறைந்தபட்ச நீராவி போய்க்கொண்டே இருந்தால்தான் டர்பைனின் கடைசி அடுக்குகள் சூடேறாமல் இருக்கும். ஜெனரேட்டருக்கு ஒரு மேல்வரம்பு. டர்பைனிலிருந்து சாறு காய்ச்சப் போகும் எக்ஸாஸ்ட் நீராவியின் அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் எவாப்பரேட்டர் படுத்துவிடும். யார்டில் சக்கைக்கு இடம் இவ்வளவுதான். இவற்றை எல்லாம் சமன்பாடுகளாக எழுதி, வளைகோடுகளைச் சிறு சிறு நேர்த்துண்டுகளாக உடைத்து, ரூபாயில் மிகுதியாக வருவது எது என்று தேடச் சொன்னால், அதுவே நேரியல் திட்டமிடல். 1939-இல் லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளின் இயந்திரப் பங்கீட்டுச் சிக்கலிலிருந்து லியனிட் கண்டரோவிச் இதைத் தொடங்கினார். 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் என்ற தீர்வு முறையைத் தந்தார்.

கண்டரோவிச் விடையை மட்டும் தேடவில்லை. ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு எண் கிடைக்கும் என்றும் காட்டினார். அந்த எல்லையை ஓர் அலகு தளர்த்தினால் லாபம் எவ்வளவு கூடும் என்று சொல்லும் எண். நிழல் விலை என்கிறோம். எனக்கு விடையைவிட இந்த எண்கள்தான் பிடிக்கும். யார்டுக்கு நிழல் விலை பூஜ்யம் என்றால் யார்டைப் பெரிதாக்கும் பேச்சை விட்டுவிடலாம். எக்ஸாஸ்ட் அழுத்த எல்லைக்கு விலை உயர்ந்து நின்றால், எந்த வால்வுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எங்கள் மாதிரி முதல் முறை சொன்ன யோசனை, பி.ஆர்.டி.எஸ்.ஸை முழுதாக மூடு என்பது. உயர் அழுத்த நீராவியை டர்பைனுக்குக் காட்டாமலே அழுத்தம் குறைத்து, நீர் தெளித்துக் குளிர்வித்து, நேரே எக்ஸாஸ்ட் லைனில் விடும் நிலையம் அது. அதன் வழியே 5 டன் போனால் மணிக்கு ஏறத்தாழ 800 யூனிட் பிறக்காமலே போகிறது. மூடுவதில் யாருக்கு என்ன தயக்கம் இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். இருபது வருடம் பாய்லரோடு வாழ்ந்த ஷிப்டு இன்சார்ஜ் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மூடிடலாம் தம்பி. மூணு பானும் ஒண்ணா ஸ்டீம் எடுத்தா எக்ஸாஸ்ட் என்ன ஆகும்?”

நான் சராசரி மணி நேரத்தைப் பார்த்திருந்தேன். பான்கள் சராசரியில் ஓடுவதில்லை. ஒவ்வொரு பானும் பாகை ஏற்றி, கொதிக்கவைத்து, படிகம் கட்டியதும் இறக்கும், மறுபடி ஏற்றும். மூன்றும் சேர்ந்து ஏற்றினால் நீராவித் தேவை சில நிமிடங்களில் பாய்ந்து ஏறும். அந்தப் பாய்ச்சலைத் தாங்கத்தான் அவர் பி.ஆர்.டி.எஸ்.ஸைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தார். அவருடைய வால்வு நிலைக்குப் பின்னால் என் சமன்பாட்டில் இல்லாத அறிவு இருந்தது. அதை மாதிரிக்குள் கொண்டுவருவது என் வேலை.

தீர்வு வால்வில் கிடைக்கவில்லை, நேரத்தில் கிடைத்தது. பான் ஹவுஸில் பேசி, மூன்று பான்களும் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு ஏற்றுமாறு ஒரு அட்டவணை போட்டோம். தேவையின் சிகரம் தணிந்தது. பி.ஆர்.டி.எஸ். பெரும்பாலான நேரம் மூடியே இருந்தது. மிச்சமிருந்த சிறு பாய்ச்சல்களுக்கு, எக்ஸாஸ்ட் அழுத்தம் இறங்கத் தொடங்கும்போதே கண்டன்சர் பக்கம் போகும் நீராவியைக் குறைத்து இந்தப் பக்கம் திருப்ப, டர்பைனில் எப்போதும் சில டன் இடம் ஒதுக்கிவைக்க வேண்டும் என்ற எல்லையை மாதிரியில் சேர்த்தோம்.

நிமிடக் கணக்கில் நடப்பவற்றுக்கு இன்னொரு வகை மாதிரி வேண்டும். மணிக்கு ஒருமுறை தீர்க்கும் கணக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும், எப்படிப் போக வேண்டும் என்று சொல்லாது. பாய்லர் டிரம்மைப் பாருங்கள்: நீராவியைத் திடீரென்று அதிகம் எடுத்தால் அழுத்தம் இறங்கி, நீருக்குள் இருக்கும் குமிழ்கள் பெருத்து, நீர்மட்டம் ஏறுவதுபோல் காட்டும். நீரோ உண்மையில் குறைந்துகொண்டிருக்கும். மட்டத்தை மட்டும் நம்பிய கட்டுப்பாடு நீரைக் குறைத்துவிடும், ஆபத்து அங்கேதான். இப்படி முதலில் ஒரு திசையில் அசைந்து பிறகு எதிர்த்திசையில் போகும் குணத்தையும் எழுதி, அடுத்த சில நிமிடங்களை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, அதில் முதல் அடியை மட்டும் எடுத்துவைத்து, மறுபடி அளந்து, மறுபடி கணக்கிடுவதுதான் மாதிரி வழி முன்கணிப்புக் கட்டுப்பாடு. ஷெல் நிறுவனத்தில் சார்லஸ் கட்லரும் ராமேக்கரும் 1970-களில் உருவாக்கி 1979-இல் கட்டுரையாகத் தந்த முறை இந்த வழியில் முன்னோடி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் அது வேரூன்றியது.

இவற்றைக் கையில் வைத்திருந்தும், முதல் பருவத்தில் நாங்கள் எதையும் வால்வோடு இணைக்கவில்லை. திரையில் மூன்று எண்கள் மட்டும்: புதிய பாய்லருக்கு எவ்வளவு, பழையதற்கு எவ்வளவு, கண்டன்சருக்கு எவ்வளவு. பக்கத்தில், இப்போதைய நிலையில் மணிக்கு எத்தனை ரூபாய் போகிறது என்று ஒரு எண். ஏற்பதும் விடுவதும் ஷிப்டின் விருப்பம். ஏற்காதபோது ஏன் என்று ஒரு வரி எழுதச் சொன்னோம். “மழை, சக்கை நனைஞ்சிருக்கு”, “கரும்பு வரத்து குறைவு, மில் நிக்கப்போகுது”, “ஐ.டி. ஃபேன் பேரிங் சூடு”. ஒவ்வொரு வரியும் மாதிரியில் இல்லாத ஓர் எல்லை. இரண்டு மாதத்தில் அந்த நோட்டு, நாங்கள் வாங்கிய எந்தக் கருவியையும்விடப் பயன்பட்டது.

உண்மையிலேயே மிச்சமானதா என்று பார்ப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். போன ஆண்டோடு ஒப்பிடுவது வீண். கரும்பின் நார் வேறு, மழை வேறு, அரவை வேகம் வேறு. ஒரு நாள் மாதிரி சொல்வதைக் கேட்டும் மறுநாள் பழைய வழக்கப்படியும் மாற்றி மாற்றிச் சில வாரம் ஓட்டி, ஒரே அளவு ஈரமும் ஒரே அளவு அரவையும் உள்ள நாட்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நிர்வாகத்துக்கு இதில் பொறுமை இருக்காது. நல்ல வழி தெரிந்த பிறகு ஏன் பாதி நாள் பழைய வழியில் ஓட்ட வேண்டும் என்று கேட்பார்கள். ஆனால் சில வார நட்டத்தை ஏற்காவிட்டால், கிடைத்தது லாபமா வெறும் நல்ல கரும்பா என்று ஒருபோதும் தெரியாது.

மாதிரிக்கும் வயதாகும். எவாப்பரேட்டர் குழாய்களில் நாளுக்கு நாள் உப்புப் படிந்து வெப்பம் கடத்தும் திறன் குறையும். நிறுத்திச் சுத்தம் செய்த மறுநாள் மாதிரி சொல்வது ஒன்று, சுத்தம் செய்வதற்கு முந்தைய நாள் ஆலை இருப்பது வேறொன்று. அதனால் படிவுக்கென்று ஒரு எண்ணை வைத்து, அன்றாட அளவுகளைக் கொண்டு அதை மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். மெல்ல என்பது முக்கியம். ஒரு மீட்டர் ஒரு மணி நேரம் பிதற்றினால் மாதிரியும் சேர்ந்து பிதற்றக் கூடாது. அந்த எண் நாளொன்றுக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்து, சுத்தம் செய்ய எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. அதுவரை அது நாள்காட்டி பார்த்துச் செய்யும் வேலையாக இருந்தது.

பருவம் முடிந்து மில் நின்றதும், வெப்பம் தணிந்த பைப்பிலிருந்து ஆரிஃபிஸ் தகட்டைக் கழற்றுகிறோம். நடுத்துளையின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். நீராவி உரசி மழுங்கியிருந்தால் அதுவும் பொய்யாக அளக்கும். வெர்னியர் காலிப்பரை வைத்துத் துளையின் விட்டத்தை நான்கு திசைகளில் அளந்து, பழைய சான்றிதழோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுகிறோம். அந்த ஷிப்டு இன்சார்ஜ் தானே வந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“விளிம்பைப் பாருங்க தம்பி,” என்கிறார், “கீழ்ப்பக்கம் கொஞ்சம் உருண்டிருக்கு.”

புதுத் தகட்டுக்கு ஆர்டர் எழுதினேன். இந்த முறை 62 பாருக்கு.